விசில் சத்தம் கேட்ட ஓடை: மலைநாட்டில் ஒரு பறவைப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெப்ரவரி மாதம் நான் வழிகாட்டியாகப் போன நான்கு நாள் பயணம் இது. கித்துல்கலையின் ஈரமான தாழ்நிலக் காட்டில் தொடங்கி, ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, ஹோர்ட்டன் சமவெளியைப் பார்த்துவிட்டு வெலிமடைப் பக்கமாக இறங்குவது திட்டம். வந்தவர்களின் பெயரையோ முக்கியமான ஓர் இடத்தின் பெயரையோ எழுதவில்லை. இடத்தை ஏன் மறைக்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

ஐந்து பேர் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், வயது 71. கனடாவிலிருந்து வந்திருந்த அவருடைய மகன், மகனின் 14 வயது மகள், மகனோடு ஒன்றாகப் படித்து இப்போது கொழும்பில் இருக்கும் நண்பர், அவருடைய மனைவி. பயணத்தை ஒழுங்கு செய்யச் சொன்னவர் மகன்தான். பறவை பார்ப்பதில் அவருக்கு உண்மையான ஈடுபாடு உண்டு. இலங்கைக்கு மட்டுமே உரிய பறவைகள், எந்தப் பட்டியலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, 33 அல்லது 34. முந்தைய இரண்டு பயணங்களில் அதில் பெரும்பகுதியை அவர் பார்த்துவிட்டார். மீதியில் அவர் முக்கியமாகக் கேட்டவை இரண்டு: செரண்டிப் ஆந்தை, அப்புறம் அரெங்கா என்று சொல்லப்படும், மலைக்காட்டு ஓடைப் பறவையான விசிலிங் த்ரஷ்.

இந்த இரண்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. செரண்டிப் ஆந்தையின் குரலை தீபால் வரகாகொட முதலில் கேட்டது 1995 இல் கித்துல்கலையில், கண்ணால் கண்டது 2001 இல் சிங்கராஜாவில். அதற்கு முன் இலங்கையில் புதிதாக ஒரு பறவை கண்டுபிடிக்கப்பட்டது 1868 இல், அந்தப் பறவைதான் அரெங்கா. அதன் விஞ்ஞானப் பெயரில் இருக்கும் பிளை என்பவர் ஒரு கோப்பித் தோட்டக்காரர். மலைக்காட்டை வெட்டிக் கோப்பி வைத்த காலம் அது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு அந்தக் காட்டையும் வெட்டினார்கள், கோப்பியையும் நட்டார்கள். தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் இந்தப் பறவையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வராமல் போவதில்லை.

தொலைபேசியில் பேசும்போது மகன் கேட்டார்: “அரெங்கா கட்டாயம் கிடைக்குமோ?” நான் “பார்க்கலாம் அண்ணே, பிரச்சினை இல்லை” என்றேன். வாய்ப்பு இருக்கிறது என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார், அப்படி எடுத்ததில் பிழை சொல்ல முடியாது.

முதல் நாள்: கித்துல்கலை

ஆற்றைக் கடந்து காட்டுக்குள் போனதும் கலவைக் கூட்டம் ஒன்று கிடைத்தது. ஈரக் காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிப் போகும். செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவிகள் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு முன்னே போக, கொண்டைக் கரிச்சான் காவல்காரன் மாதிரி கூடவே வரும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் மற்றவை தானாக வந்துசேரும். மஞ்சள் நெற்றிக் குக்குறுவான், லேயார்ட் கிளி, தரையில் புள்ளிச் சிறகுப் பூங்குருவி என்று இரண்டு மணித்தியாலத்தில் நிறையப் பார்த்தோம். அட்டைக்கடி இருந்தாலும் யாரும் முறையிடவில்லை, எல்லோருக்கும் நீளச் சொக்ஸ் கொடுத்திருந்தேன்.

பகல் பதினொரு மணியளவில், நான் டீச்சரைக் கைபிடித்து ஒரு வழுக்குப் பாறை தாண்ட வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் செந்நிற முதுகுச் சின்ன ஆந்தையின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அது மகனின் கைபேசி. இதை நாங்கள் “கோல் போடுவது” என்போம், பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவைப்பது. சில நிமிடத்துக்குள் உண்மையான ஆந்தை வந்துவிட்டது. பத்து மீட்டர் தூரக் கிளையில் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, விடாமல் கத்தியது. இந்த ஆந்தை சிறு குருவிகளையும் பிடிக்கும் என்பதால் அவை சுற்றி நின்று அதை ஏசத் தொடங்கின. மகன் படம் எடுத்து முடித்த பிறகும் கைபேசி இன்னும் சில நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு செரண்டிப் ஆந்தைக்காகப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணித்தியாலம் குடையின் கீழ் நின்றுவிட்டுத் திரும்பினோம், குரல்கூடக் கேட்கவில்லை. பட்டியலில் இரண்டில் ஒன்று போய்விட்டது என்ற எண்ணம் அந்த இரவிலேயே மகனுக்கு வந்துவிட்டது, அடுத்த இரண்டு நாளும் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு அது ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாம் நாள்: ஏற்றமும் நகரப் பூங்காவும்

கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாகப் பயணம். வளைவுகளில் டீச்சருக்குத் தலைசுற்று வந்ததால் இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் போனோம்.

பின்னேரம் நுவரெலியா விக்டோரியா பூங்கா. நகர நடுவே, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் இப்படிப் பறவைகள் இருக்கும் என்று புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. குளிர்காலத்தை இங்கே கழிக்க இமயமலைப் பக்கத்திலிருந்து வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஒன்றை 20 நிமிடத்தில் பார்த்தோம். ஓடைக்கரைப் புதருக்குள் ஆறுமணிக் குருவி சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் டீச்சர், “இது எங்கட ஊரிலையும் வாறது, விடியவும் பொழுதுபடவும் ஆறு மணிக்குச் சரியாக் கத்தும்” என்று பேத்திக்குச் சொன்னார். மகள் பிள்ளை, “அப்பம்மா, இவ்வளவு நிறமோ!” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அசையாமல் கால் மணித்தியாலம் நின்றாள். அவளுடைய பொறுமையை நான் கவனித்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் காலை: ஹோர்ட்டன் சமவெளி

அதிகாலை நான்கேகாலுக்குப் புறப்பட்டு, அம்பேவல, பட்டிப்பொல வழியாகப் போய் வாசலில் வரிசையில் நின்றோம். 2,100 மீட்டருக்கு மேலே பெப்ரவரி விடியல் என்றால் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். டீச்சரை வேனுக்குள் கம்பளியோடு இருக்கச் சொன்னோம்.

வீதியோரத்தில் இருக்கும் சிறு நீர்நிலைக்குப் பறவை பார்ப்பவர்கள் மத்தியில் அரெங்கா குளம் என்றே பெயர். அரெங்கா ஓடையையும் ஈரப் பாறையையும் விட்டு விலகாத பறவை. பூச்சி, தவளை, சிறு பல்லி பிடித்துத் தின்னும். ஆண் கிட்டத்தட்டக் கறுப்பு, தோளில் ஒரு நீலப் பளபளப்பு. பெண் கபில நிறம். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு நேரத்தில்தான் வெளியே வரும், மெல்லிய கூர்மையான விசில் கொடுக்கும், பிறகு நாள் முழுக்க இருக்கிற இடம் தெரியாது.

நாங்கள் போனபோது இரண்டு வாகனங்கள் முன்னமே நின்றன. ஒரு குழுவின் கையில் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர், அதில் அரெங்காவின் விசில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நான் நேரம் குறித்தேன்: எங்கள் முன்னால் மட்டும் 12 நிமிடம். அந்த நேரத்தில் எதிர்க் கரைப் புதரிலிருந்து ஒரே ஒரு தடவை பதில் வந்தது. அதை முதலில் கேட்டது பிள்ளைதான். அவள் கையைக் காட்டிய திசையில் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் எனக்குப் பிடிபட்டது, அவளுடைய அப்பாவுக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு உயர்ந்த சுருதி அது, வயது ஏற ஏற அந்தச் சுருதிதான் காதை விட்டு முதலில் போகும். அதோடு சரி, பறவை மௌனமாகிவிட்டது. அந்தக் குழு களைத்துப்போய்க் கிளம்பியது.

அவர்கள் போனதும் மகன் தன் கைபேசியை எடுத்தார். “தம்பி, இப்ப இடம் அமைதி. ஒரு ரெண்டு நிமிஷம் போட்டுப் பாப்பம்.”

எடுத்த முடிவுகளும் காரணமும்

வேண்டாம் என்றேன். முதல் நாள் ஆந்தைக்கு விட்டுவிட்டு இன்று ஏன் தடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அங்கே நின்று என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை, “அன்றைக்கே நான் தடுத்திருக்க வேணும் அண்ணே” என்று மட்டும் சொன்னேன். என் மனதில் இருந்த காரணங்களை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

பறவைக்கு ஒலிப்பதிவு என்ன என்று தெரியாது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்றுதான் அது நம்பும். வெளியே வந்து தேடும், கத்தும், யாரும் இல்லாமல் திரும்பும். அப்படி ஒரு தடவை நடந்தால் பெரிய சேதம் இல்லை என்பது என் எண்ணம், எங்கேயும் எப்போதும் கோல் போடக்கூடாது என்று சொல்பவன் நான் இல்லை. ஆனால் இந்தக் குளம் எல்லோருக்கும் தெரிந்த இடம், பருவகாலத்தில் வருகிற குழுவெல்லாம் அதே சோடியிடம்தான் வருகிறது. வருடத் தொடக்க மாதங்கள் அது கூடு கட்டும் காலமும்கூட. விடியலில் இரை தேட அதற்கு இருப்பது அந்தக் கொஞ்ச நேரம், அதையும் இல்லாத எதிரியைத் தேடுவதில் கழிக்க வைத்துவிட்டுப் போகிறோம். அன்று அது ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு அடங்கியதைப் பார்த்தபோது, கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பறவை என்றுதான் எனக்குப் பட்டது. மறுபடி போட்டாலும் வந்திருக்காது என்பது என் ஊகம். ஆனால் வந்திருக்கும் என்றாலும் நான் மறுத்திருப்பேன்.

இரண்டாவது முடிவு, அங்கேயே காத்திராமல் விலகுவது. இன்னும் வாகனங்கள் வரும் என்று தெரியும். மகனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. “காசு குடுத்து இவ்வளவு தூரம் வந்தது இதுக்கோ?” என்றார். வேனுக்குள் இருந்த டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, “அந்தத் தம்பி சொல்லுறதையும் கேள். வேற ஒருத்தன் உன்ர வாசலிலை நிண்டு நாள் முழுக்கக் கூப்பிட்டா நீ கதவு திறப்பியோ?” என்றார். அதற்குப் பிறகு வேனில் யாரும் அதிகம் பேசவில்லை.

அன்று காலை மீதி நேரத்தில் மஞ்சள் காதுப் புல்புல், மங்கல் நீல ஈப்பிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி எல்லாம் நெருக்கமாகவே கிடைத்தன. நெலுப் புதருக்கு அடியில் எலி மாதிரி ஓடிய புதர்க் கதிர்க்குருவியைப் பிள்ளையும் நண்பரின் மனைவியும் மட்டும் பார்த்தார்கள். மகன் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம்: லயத்தில் கிடைத்த தகவல்

திரும்பும் வழியில் என் சொந்தக்காரர் வீட்டில் பிளேன்டீ குடிக்க நிறுத்தினேன். காட்டோரமாக இருக்கும் ஒரு தோட்டத்து லயம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். பக்கத்து வீட்டில் 40 வருடம் கொழுந்து பறித்து ஓய்வெடுத்த ஒரு பாட்டி, எங்களைப் பார்த்து என்ன தேடி வந்தீர்கள் என்று கேட்டார். பிள்ளை கைபேசியில் படத்தைக் காட்டினாள். பாட்டி படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, கண் மங்கல். “என்னா சத்தம் போடும்?” என்று கேட்டார். பிள்ளை தான் காலையில் கேட்டதை வாயால் மெல்ல விசிலடித்துக் காட்டினாள்.

“அட, பீலிக்கு மேல ஓடையில விசிலடிக்குமே, அதா? நான் பெரட்டுக்குப் போற காலத்துல இருந்தே அங்கதாம்மா இருக்கு.”

அந்த ஓடைக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பகலில். பகலில் போனவனுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. பெரட்டுக்கு, அதாவது காலை வேலைக்கு ஆள் கூடும் நேரத்துக்கு, முன் பீலியில், ஓடைத் தண்ணீர் விழும் குழாயில், தண்ணீர் பிடிக்க இருட்டோடு எழும்பியவர்களுக்குத்தான் அது தெரிந்திருந்தது.

அன்றிரவே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். நாளைக் காலை அங்கே போகலாம், கோல் போடுவதில்லை, டோர்ச் அடிப்பதில்லை, ஓடைக்கரையில் மூன்று பேருக்கு மேல் இடமில்லை, வராவிட்டால் வரவில்லை, ஏழு மணிக்கு எழும்பி வந்துவிடுவோம். மகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். தோட்டத்தில் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லி அனுமதி எடுத்தேன். நண்பரும் மனைவியும் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். டீச்சருக்கு அந்த இறக்கம் முடியாது, அவர் பாட்டி வீட்டில் இருப்பதாக முடிவு.

நான்காம் நாள்: ஓடை

ஐந்தரைக்கு மூவரும் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம், ஓடையின் இரு கரையிலும் மரம் வெட்டப்படாமல் ஒரு கீற்றாக நிற்கிறது. ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பிள்ளை என் கையைத் தொட்டாள். விசில் மேலிருந்து வந்தது, பிறகு கொஞ்சம் கீழே, பிறகு நேர் எதிரே. ஆறு மணி ஐந்து நிமிடம் இருக்கும், ஆண் பறவை சுமார் 15 மீட்டரில் ஒரு ஈரப் பாறையில் வந்து நின்றது. வாலை ஒருமுறை விரித்து மூடியது. பாசிக்குள் எதையோ கொத்தி எடுத்தது. ஒன்றரை நிமிடம் இருந்திருக்கும், தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து போய்விட்டது. வெளிச்சம் போதாமல் மகனின் படங்களில் ஒன்றுகூடத் தெளிவாக வரவில்லை. தோளின் நீலம் தெரிந்ததா என்று கேட்டேன், பைனோகுலரில் தெரிந்தது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது.

மேலே வந்தபோது டீச்சரும் பாட்டியும் அடுப்படியில் ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். ஓடைக்கரையின் அந்த மரக்கீற்றை ஏன் யாரும் வெட்டவில்லை என்று நான் கேட்டேன். பீலித் தண்ணீர் வற்றிவிடும் என்பதால் லயத்து ஆட்கள் விடவில்லையாம்.

பிறகு ஹக்கலைத் தோட்டத்தில் காட்டுப்புறாவை நிதானமாகப் பார்த்தோம், வெலிமடைப் பக்கம் வரண்ட பத்தனைப் புல்வெளிகளைத் தாண்டி மாலையில் பண்டாரவளையில் பயணத்தை முடித்தோம்.

பின்விளைவு

மகன் கேட்டதில் செரண்டிப் ஆந்தை கிடைக்கவில்லை, மலைக்காட்டுச் செதில் பூங்குருவியும் புதர்க் கதிர்க்குருவியும் அவருக்குக் கிடைக்கவில்லை. முதல் நாளில் நான் பேசாமல் இருந்தது பற்றிப் பிரியும்போது மறுபடி சொன்னார். குற்றம் சொல்கிற தொனியில் இல்லை, ஆனால் முன்னமே தெரிந்திருந்தால் குளத்தில் அந்தச் சண்டையே வந்திருக்காது என்றார். சரியான பேச்சு. அரெங்காவைப் பார்த்த பதிவை அவர் இணையத்தில் ஏற்றியபோது ஓடையைக் குறிக்காமல் நுவரெலியா மாவட்டம் என்று மட்டும் போட்டார்.

பாட்டிக்குப் பணம் கொடுத்தபோது முதலில் வாங்கவில்லை. வழிகாட்டிக்குக் கொடுக்கிற கூலிதான் இது, அன்பளிப்பு இல்லை என்று டீச்சர் எடுத்துச் சொன்ன பிறகு தன் பேத்தியின் கொப்பிப் புத்தகத்துக்கு என்று வாங்கிக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து இன்னொரு வழிகாட்டி எனக்குத் தொலைபேசியில் பேசி இடத்தைக் கேட்டார். நல்ல மனிதர், எனக்குப் பலமுறை உதவியவர். சொல்ல மறுத்தேன். அதில் எங்கள் பழக்கம் கொஞ்சம் பாதிக்கப்பட்டது, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இப்போது மாற்றியிருப்பவை

பயணத்துக்கு முன்னே அனுப்பும் செய்தியில் கோல் போடுவது பற்றி எழுதிவிடுகிறேன்: பேர்போன இடங்களில் எந்தப் பறவைக்கும் இல்லை, கூடு கட்டும் காலத்தில் எங்கேயும் இல்லை, வேறு இடத்தில் போடுவதென்றால் நான் மட்டும், ஒரு நிமிடத்துக்குள். இதைப் படித்துவிட்டு வராமல் போனவர்களும் உண்டு. “பிரச்சினை இல்லை” என்ற சொல்லைத் தொலைபேசியில் சொல்வதை விட்டுவிட்டேன். எந்தப் பறவைக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை என் பழைய குறிப்பேடுகளைப் பார்த்துச் சொல்கிறேன். கித்துல்கலையில் இரண்டு இரவு வைக்கிறேன், ஒரு மழை இரவு முழுப் பயணத்தின் மனநிலையையும் கெடுத்ததைக் கண்ட பிறகு.

போகிற வழியில் லயங்களில் நிறுத்தி, விடியவே எழும்புகிறவர்களிடம் சத்தத்தைச் சொல்லிக் கேட்கிறேன். படம் காட்டுவது கடைசியில்தான்.

அந்த ஓடைக்கு ஒரு பருவத்தில் இரண்டு தடவைக்கு மேல் யாரையும் கூட்டிப்போவதில்லை. பின்னொரு பெப்ரவரியில் முதல் தடவை விசில் மட்டும் கேட்டது. இரண்டாம் தடவை ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தோம், ஒன்றும் கேட்கவில்லை, எழும்பி வந்துவிட்டோம். மறுநாளும் பாட்டிக்குக் கேட்டதாகப் பேத்தி செய்தி அனுப்பியிருந்தாள்.